கல்லில் எண், வீட்டில் பெயர்

நெல்லும் வாளும் – 14

சென்ற பகுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன டெல்டாக் குடும்பங்களைப் பார்த்தோம். கூலிக்குப் போனவர்களின் கதை அது. அதே ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு. மெசபடோமியா, பர்மா, காஷ்மீர், யாழ்ப்பாணம் என்று அவர்கள் போன திசைகள் பல. திரும்பி வந்தவரின் வீடு ஊரில் மிலிட்டரிக்காரர் வீடு என்று பெயர் பெற்றது. திரும்பாதவர் அமாவாசைப் படையலில் ஓர் இலையாக மிஞ்சினார். காவிரிப் படுகை தன் படைவீரர்களை எங்கே, எப்படி நினைவு வைத்தது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ஆண்டுகளாக இந்த நாட்டில் அரசுகள் வெட்டிய கல் படையின் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் காத்தது. ஆளின் பெயரைக் காத்தது வீடுதான். ஆகவே பட்டாளத்துக்குப் போன தாத்தாவையோ சித்தப்பாவையோ ஒரு குடும்பம் நினைவு வைத்திருப்பதை வெறும் பாசம் என்று ஒதுக்கக்கூடாது. வரலாற்றில் வேறெங்கும் இல்லாத சான்று அது. அந்தச் சான்று இப்போது அழிந்துகொண்டிருக்கிறது என்பதால்தான் இதை இங்கே வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து தொடங்கலாம். 1010-இல் நிறைவெய்திய அந்தக் கோயிலுக்காக ராஜராஜன் பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் சுவரில் இருக்கின்றன. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு நுணுக்கமாக ஆளைக் குறிக்கத் தெரிந்த அரசு, படைகளைக் குறிக்கும் இடத்தில் வேறுவிதமாக எழுதுகிறது. மும்முடிச்சோழ தெரிந்த பரிவாரத்தார், நிகரிலிசோழ தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், பண்டிதசோழ தெரிந்த வில்லிகள் என்று படைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் முன்னால் நிற்பது அரசனின் பட்டப்பெயர். கோயிலின் பணத்தைப் பொலிசைக்கு, அதாவது வட்டிக்கு, வாங்கிய கூட்டமாகவும், கொடை கொடுத்த கூட்டமாகவும் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். போரில் பட்டவர்கள் என்று ஒரு பட்டியல் அந்தச் சுவர்களில் இல்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பில் வென்ற ஊர்களை ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், நக்கவாரம் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அந்த ஊர்களுக்குக் கலமேறிப் போய்த் திரும்பாதவன் ஒருவன் பெயரும் அதில் கிடையாது. தலைவர்களின் நிலை வேறு. சுந்தர சோழர் காலத்தில் ஈழப் போரில் பட்ட கொடும்பாளூர்ச் சிறிய வேளாரின் பெயர் கல்வெட்டில் நின்றுவிட்டது. அவரோடு கடல் தாண்டியவர்களின் பெயர் நிற்கவில்லை.

தமிழ்நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. செங்கம், தருமபுரி வட்டாரங்களின் நடுகற்கள் அந்த வகையில் நம்மை வியக்க வைப்பவை. இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னாரின் சேவகன் இன்னான், இந்த ஊரில் ஆநிரை மீட்டுப் பட்டான் என்று அவை ஆளைக் குறிக்கின்றன. எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, வீழ்ந்த வீரனோடு கள்வரை எதிர்த்து நின்ற அவன் நாயையும் கோவிவன் என்று பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்கள் இன்னும் பழையவை. தமிழ் பிராமியில் எழுதப்பட்ட அவற்றுள் ஒன்று தீயன் அந்தவன் என்ற ஒரு மனிதனைக் கூடலூரில் ஆநிரை கவர்ந்த ஆகோள் பூசலோடு சேர்த்து இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து நிற்கிறது. மேட்டு நிலத்தில் பாறை காலடியில் கிடக்கிறது. அங்கே ஊராரும் உறவினருமே கல் நட்டார்கள். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே வெகுதொலைவிலிருந்து கல் கொண்டுவர வேண்டியிருந்தது. கல் அரசனின் பொருளாக இருந்த நாட்டில் கல்லெழுத்தும் அரசனின் கணக்காகவே இருந்தது. எளியவர்கள் தங்களுக்கு வாய்த்த வழியில் நினைவு வைத்தார்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் சண்டையில் இறந்த முன்னோர் பட்டவன் என்ற பெயரில் குடும்பத் தெய்வமானார்கள். மரத்தடியில் ஒரு மேடை, ஒரு வேல், ஆண்டுக்கு ஒருமுறை படையல். எழுத்து இல்லாத நடுகல் அது. எழுத்து இல்லாததால், தலைமுறைகள் போகப் போக ஆளின் பெயர் போய்ப் பட்டவன் மட்டும் மிஞ்சினான்.

குடும்பத்தின் போர் நினைவை எழுத்தாக்கும் வழக்கமே இந்த மண்ணில் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய கோயிலின் சுற்றுச்சுவரிலேயே அதற்கு மாபெரும் சான்று இருக்கிறது. 1803-இல் இரண்டாம் சரபோஜி, தன் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் அங்கே பொறிக்கச் செய்தார். பாட்டன் பூட்டன் எந்தப் போரில் நின்றார், எந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று சொல்லும் நெடிய கல்வெட்டு அது. அரசர் அதை எழுதியபோது அவரிடம் நாடு இல்லை. 1799 உடன்படிக்கையில் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. நாடு போன பின்னும் குடும்பத்தின் படைவரலாறு போகக்கூடாது என்று ஒரு மகன் நினைத்ததன் விளைவு அந்தக் கல்வெட்டு. அதே சரபோஜி, பேராவூரணிப் பக்கம் கடற்கரையில் சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோராவைக் கட்டினார். அறுகோண வடிவில் எட்டு அடுக்காக எழுந்து நிற்கும் கோபுரம் அது. பிரிட்டிஷ் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பப்பட்டது என்று 1814-ஆம் ஆண்டைக் குறிக்கும் அதன் கல்வெட்டு பல மொழிகளில் சொல்கிறது. காவிரிப் படுகையில் போர் நினைவுக்கென்றே எழுந்த பெரிய கட்டடம் ஐரோப்பாவில் நடந்த ஒரு போருக்காக எழுந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது மதிலில் நின்று காத்தவர்களுக்கு அப்படி ஒரு தூண் இல்லை. எது பொது நினைவாகும் என்பதை அதிகாரமே முடிவு செய்கிறது என்பதற்கு இந்தக் கடற்கரையைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

முதல் உலகப் போரில் இந்தப் போக்கு உச்சத்துக்குப் போனது. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரிய பங்கு மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்குப் போனது. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் கர்நாடிக் காலாட்படையினரும் அங்கே இருந்தார்கள். போருக்குப் பின் பிரான்சில் நவ் ஷாப்பெல்லில் 1927-இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டார்கள். 1929-இல் பாஸ்ராவில் திறந்த நினைவகத்திலோ 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் இருந்தும், இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. இன்ன ரெஜிமென்ட், இத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு நின்றது அது. அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்க்கு எண். ஐரோப்பியர் வந்து பார்க்கும் மண்ணில் பெயர், பார்க்காத மண்ணில் எண். சொந்த ஊரிலும் அதே கதைதான். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பதித்த பளிங்குப் பலகைகள், இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டே எண்களோடு முடிந்துவிடுகின்றன. ஐந்து பேர், எட்டு பேர் என்ற அளவில் போன சிற்றூரில் ஐந்து பெயரை எழுதப் பலகையில் இடம் இல்லாமல் போகவில்லை. எழுத வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை அல்லது முற்றிலும் விடுபட்டார்கள் என்றும் அந்த அறிக்கை கணித்தது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர்.

கல்லில் எண்ணாகப் போன அந்த மனிதனின் பெயர் எங்கே போனது? வீட்டுக்குப் போனது. போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு அரசு ஒரு வெண்கல வட்டு அனுப்பியது. கைவிரல்களை விரித்தால் நிறையும் அளவு, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறுக்களவு. பிரிட்டானியா உருவமும் சிங்கமும் இருக்கும் அந்த வட்டில் ஒரு நீள்சதுரக் கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் எழும்பிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். பதவி இருக்காது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி வட்டு. உயிரோடு திரும்பியவருக்கு வெள்ளிப் பதக்கம் வந்தது. ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த அந்தப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொடி எழுத்தில் தெரியும். படையோடு போன சுமைக்காரர், சமையற்காரர், கூலிப்படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. பாஸ்ராக் கல் யாரைப் பெயர் சொல்லாமல் விட்டதோ, அவரை இந்த வட்டும் பதக்கமும் பெயர் சொல்லி அழைத்தன. ஆக, பேரரசின் ஆவணங்களிலேயே பெயர் குடும்பத்தின் பங்காகவும் எண்ணிக்கை பொது இடத்தின் பங்காகவும் பிரிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், மஞ்சளேறிய போட்டோ ஆகியவற்றின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. பொதுக் கல் செய்யாத வேலையை அவை நூறாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றன.

இனி மறுப்புகளுக்கு வருவோம். தஞ்சை நெல் விளையும் பூமி, பட்டாளத்து மண் அல்ல. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் என்று சொல்லும் ஊர் இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எண்ணிக்கையில் டெல்டா பின்தங்கியது என்பதை ஏற்கலாம். அதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். 1885-இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், சில சாதியும் சில மாகாணமும் மட்டுமே போர்க்குணம் உடையவை என்ற கொள்கையை வலுவாக நிலைநாட்டினார். அதற்கு முன் மதராஸ் படையின் தலைவராக இருந்த அவரே மதராஸ் சிப்பாயைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கினார். 1920-களில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நெருக்கிய பிறகே, 1940-களின் தொடக்கத்தில், மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. படை கலைந்தால் அதன் கொடியும் பதிவேடும் அதில் இருந்தவர்களை ஆண்டுதோறும் கூட்டிவைத்து நினைக்கும் வழக்கமும் கலைந்துபோகும். ஆக, குறைவான பேர் போனார்கள் என்பதோடு, போனவர்களை நினைக்க வேண்டிய நிறுவனமும் இடையில் இல்லாமல் போனது. இந்தக் குறையும் குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது. டெல்டாவுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மதராஸ் படையிலும் சாப்பர்களிலும் பயனியர் படைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள். தஞ்சையில் எழுத்துப் பதிவு என்பது மிராசு, பட்டா, குத்தகை என்று நிலத்தைச் சுற்றி வந்தது. நிலமில்லாத பண்ணையாளுக்கு அந்தக் கணக்கில் பெயர் வர வழியில்லை. 1952-இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினால் ஏன் என்று கேட்க ஒரு தாள்கூட அவர் கையில் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவருக்கு ஒரு படை எண்ணும், தகப்பன் பெயரோடு சேர்ந்த தன் பெயரும், நன்னடத்தைக் குறிப்பும் எழுதிய டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தது. நிலப் பதிவேடு மறுத்த பெயரைப் பட்டாளத்துப் பதிவேடு எழுதியது. போனவர்கள் சிலரே என்றாலும், அந்தச் சிலரின் தாள்கள் டெல்டாவின் சமூக வரலாற்றுக்கு மிகப் பெரியவை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள்? வெள்ளைக்காரன் சம்பளத்துக்கு, வெள்ளைக்காரன் பேரரசுக்காக. வேதாரண்யத்தில் 1930-இல் உப்பெடுத்து அடிபட்ட மண்ணில் பேரரசின் சிப்பாயை ஏன் நினைக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நினைப்பதையும் போற்றுவதையும் ஒன்றாக எண்ணுவதால் எழும் கேள்வி இது. சம்பளத்துக்குப் போனார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆறு தவறிய ஆண்டில் மணியார்டர் வரும் வீட்டில் அடுப்பெரிந்தது என்பது இழிவல்ல. அதுவே அந்தக் காலத்தின் உண்மை. அதோடு, டெல்டாக் குடும்பங்களின் படைவரலாறு ஒரு பக்கத்துக் கதை மட்டும் இல்லை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்தார்கள். ராணி ஜான்சி படையிலும் தமிழ்ப் பெண்கள் திரண்டார்கள். பர்மா எல்லையில் ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படைத் தமிழர், மறுபக்கம் இந்திய தேசிய ராணுவத் தமிழர். இவர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை அழித்தால் நமக்குக் கிடைப்பது வரலாறு ஆகாது. அழிப்பது என்ன என்பதைச் சிங்கப்பூர் காட்டியது. அங்கே எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்காகப் போஸ் 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை தகர்த்தது. அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை வர 1995 ஆயிற்று. அந்த ஐம்பது ஆண்டுகளில் அந்தப் படையின் எளிய வீரரை நினைவில் வைத்திருந்தவை மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் இருந்த வீடுகளே. அரசுகள் தங்களுக்கு வேண்டாதவரின் கல்லை இடிக்கும். வீட்டுக்கு அந்த வசதி இல்லை. மகன் எந்தப் படையில் இருந்தாலும் தாய்க்கு மகன்தான்.

வீட்டு நினைவு நம்பத்தக்கதா என்பது மூன்றாவது மறுப்பு. பேரன் வாயில் நாயக் சுபேதாராவதும், பாசறையில் சமையல் பார்த்தவர் போர்முனையில் துப்பாக்கி பிடித்தவராவதும் நடக்கக்கூடியவை. சாதிப் பெருமைக்குத் தாத்தாவின் பட்டாளச் சேவையை முரசாக்குவதும் உண்டு. வரலாற்றாசிரியர் இந்த அச்சத்தைத் தள்ளிவிடக்கூடாது. அதற்குப் பதில், நினைவைத் தாளோடு ஒட்டிப் பார்ப்பதுதான். டிஸ்சார்ஜ் புத்தகம் சேர்ந்த நாள், விலகிய நாள், பிரிவு, தொழில், உயரம், அடையாள மச்சம் வரை சொல்லும். பதக்கத்தின் விளிம்பு பொய் சொல்லாது. காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பட்டியலில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் வரை குறிப்பு இருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள் அவை. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று எந்த உருவத்தில் அங்கே கிடக்கிறது என்பதை லண்டனில் இருப்பவர் கண்டுபிடிக்க முடியாது; அந்த ஊர்க்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆக, தாள் இல்லாத நினைவு தடம் மாறும், நினைவு இல்லாத தாள் ஊமையாகும். இரண்டையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பஞ்சாப் எடுத்துக்காட்டு. லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிரிக்கப்படாமல் கிடந்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகளில் ஊர்வாரியாக 3,20,000 பேரின் விவரங்கள் இருந்தன. 2021-இல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும், உலகெங்கும் இருக்கும் பஞ்சாபிக் குடும்பங்கள் தங்கள் ஊரைத் தேடிப் பாட்டனைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. தஞ்சைக்கு அப்படி ஒரு வாய்ப்பு இன்னும் வரவில்லை. வரும்வரை வீட்டுத் தாள்கள்தான் நமது பதிவேடு.

சுதந்திரத்துக்குப் பிறகாவது இந்தப் பிளவு தீர்ந்ததா? ஓரளவு தீர்ந்தது. 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், 1947-க்குப் பின் மாண்ட 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஆளுக்கு ஒரு கல்லாக வட்டச் சுவர்களில் பதிக்கப்பட்டன. சிப்பாய்க்கும் கர்னலுக்கும் அளவில் வேறுபாடு இல்லாத கற்கள் அவை. கார்கில் போரில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. அதற்கு முன் 1962, 1965, 1971 போர்களில் மாண்ட பெரும்பாலோரின் உடல் போர்முனையிலேயே எரிக்கப்பட்டது அல்லது புதைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தது தந்திதான். 1999-இல் தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கே வந்தது. திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணன் அந்த ஆண்டு மே 29 அன்று பட்டாலிக் முனையில் வீழ்ந்தபோது அவர் பெயர் ஊரின் பெயரானது. அந்த நகரில் அவருக்கு நினைவகமும் எழுந்தது. ஆனால் எல்லாப் போரும் இப்படிப் பொது நினைவாவதில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டின் பிரிவுகளும் அங்கே இருந்தன. கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நடந்த போர் அது. ஈழத் தமிழர் அந்தப் படையால் பட்ட துயரம் தமிழகத்தை உலுக்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அந்த முடிவின் அறத்தை மறுக்காமலே ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தப் படையில் மாண்ட தமிழ்ச் சிப்பாயின் மனைவி தன் கணவனை எந்தப் பொது இடத்தில் நினைத்திருக்க முடியும்? வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தின் முன் மட்டும்தான். போரைக் கண்டிக்க ஊருக்கு உரிமை உண்டு. போனவரை நினைக்க வீட்டுக்கு உரிமை உண்டு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை ஊர் பறித்துவிடக்கூடாது. நினைவு போரை வளர்க்கும் என்ற அச்சத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. போரை வளர்ப்பவை மெய்க்கீர்த்திகளும் வெற்றித் தூண்களும். இன்னார் மகன், இந்த வயதில், இந்த இடத்தில் இறந்தான் என்று பெயர் சொல்லும் பட்டியல் போரின் விலையைக் கணக்குக் காட்டும். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் பெயர்கள் கல்லில் நிற்பதைப் பார்ப்பவர் எவரும், பெயரைப் பொறிப்பது வன்முறையைப் போற்றும் செயல் என்று சொல்லமாட்டார்.

வீடு இவ்வளவு காத்தது என்றால் இனியும் காக்கட்டும், இதில் பொதுவெளிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு. பூம்புகாரிலும் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையிலும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் நெரிகிறது. தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தவரிடம் புரோகிதர் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்பார். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. வெளிநாட்டில் மாண்டு நாள் தெரியாமல் போன சிப்பாய்க்கும் அந்த வழக்கத்தில் இடம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. இஸ்லாமியக் குடும்பங்கள் பாத்திஹா ஓதுகின்றன. இந்த வழக்கங்கள் ஒருவரை வாழ்ந்தவராகப் போற்றுகின்றன. அவர் எங்கே நின்றார், எதைக் கண்டார் என்பதை அவை கேட்பதில்லை. மூன்று தலைமுறைக்கு மேல் பெயரையும் கேட்பதில்லை. 1916-இல் மெசபடோமியாவில் மாண்டவர் பல வீடுகளில் அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறார். 1944-இல் பர்மாவில் நின்றவருக்கு இன்று பேரன் அறுபதை நெருங்குகிறார், கொள்ளுப்பேரன் வேலைக்குப் போகிறான். கொள்ளுப்பேரனின் பிள்ளை தர்ப்பணத்துக்கு உட்காரும்போது அந்தப் பெயர் வரிசையில் இருக்காது. பெயர் போனால், பேர்சொல்லி அடையாளம் காட்ட ஆளில்லாத போட்டோவும், எடைக்குப் போகும் டிரங்குப் பெட்டியும்தான் மிச்சம். வெள்ளிப் பதக்கம் தட்டார் கடையில் உருகும். கல்லின் குறையை ஈடுசெய்த வீடு, தன் எல்லையைத் தொட்டுவிட்டது.

ஆகவே வீட்டில் இருக்கும் பெயரைப் பொதுவெளிக்குக் கொண்டுவரும் வேலை இந்தத் தலைமுறையின் வேலை. அதற்குப் பெரிய நினைவகம் வேண்டியதில்லை. ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு ஊரும் ஒரு பதிவேட்டைத் திறந்து, பட்டாளத்துக்குப் போன ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் அல்லது தாய் பெயர், படை எண், பிரிவு, நின்ற இடங்கள், திரும்பிய ஆண்டு அல்லது மாண்ட நாள் ஆகியவற்றை எழுதட்டும். பிரிட்டிஷ் படையா, தேசிய ராணுவமா, சுதந்திர இந்தியப் படையா, அமைதிப் படையா என்று பிரித்து ஒதுக்காமல் எழுதட்டும். சமையற்காரரையும் சுமைக்காரரையும் கூலிப்படையினரையும் விடாமல், எந்தத் தெருவிலிருந்து போனார் என்று பார்க்காமல் எழுதட்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கத்தின் விளிம்பையும் செல்போனில் படம் எடுத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பிரதி வைக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தன்னிடம் உள்ள விவரங்களைக் கொடுத்து அந்தப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். எண்ணிக்கை மட்டும் பொறித்த பழைய பளிங்குப் பலகை இருக்கும் ஊர், அதன் பக்கத்திலேயே பெயர்ப் பலகை ஒன்றைப் பதிக்கட்டும். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை வீட்டு வரிசையோடு எழுதத் தெரிந்த நாடு இது. நாடிழந்த ஓர் அரசர் தன் முன்னோரின் போர்களைச் சுவர் நிறைய எழுதிய நாடும் இதுதான். அன்று எழுதும் வசதி அரசருக்கு மட்டும் இருந்தது. இன்று எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. இனி ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குறை அரசனுடையதும் அல்ல, பேரரசுடையதும் அல்ல, நம்முடையது.

அடுத்த பகுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவிலிருந்து திரும்பிய இந்திய தேசிய ராணுவத்தினர் ஓய்வூதியத்துக்காக உடனிருந்தவர் சான்று தேடி அலைந்த ஆண்டுகளைப் பார்ப்போம்.